யாழ்ப்பாணத்துப் பழைய மரண அறிவித்தல்களைக் கொண்டு குடும்ப வரலாற்றைத் தேடும் முறை

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வரலாற்றைப் பாட்டன் காலத்துக்கு அப்பால் கொண்டுசெல்ல முயல்பவருக்கு முதலில் தட்டுப்படும் இடர் பெயர்தான். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் நமக்கு இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகிறது. அந்த மகனின் பெயர் அடுத்த தலைமுறைக்கு முதலெழுத்தாகிறது. முன்னது கழன்று போகிறது. பெண்களின் நிலை இன்னும் கடினமானது. மணமானதும் கணவன் பெயர் வந்து சேர்ந்துகொள்ள, பிறந்த வீட்டின் அடையாளம் பெரும்பாலான எழுத்துகளிலிருந்து மறைந்துவிடுகிறது. இந்த இரண்டு இடர்களையும் ஒரே இடத்தில் தீர்த்துவைக்கும் எழுத்து ஒன்று உண்டென்றால் அது பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலாகும். இறந்தவர் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மாமன் மாமி, பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தோர், மைத்துனர்மார், பேரர், பூட்டர் என்று ஒழுங்காக எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால், ஐந்தங்குலச் செய்தி ஒன்று நான்கு தலைமுறையைத் தாங்கி நிற்கிறது. அறிவித்தலை இறந்தவருக்காகத் தேடினாலும், அதிலுள்ள மற்றவர்களுக்காகவே அதை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இக்கட்டுரை அந்தத் தேடலையும் படிப்பையும் எப்படிச் செய்வது என்று விளக்குகிறது.

முதலில் நாளைக் குறுக்குங்கள்

பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் பெரும்பகுதி இன்று படமாகவே கிடைக்கிறது. ஒரு பெயரைத் தட்டச்சிட்டு அது வரும் பக்கத்தைப் பெற்றுவிடலாம் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே, இதழ்களைப் புரட்டத் தொடங்குமுன் இறந்த நாளை இயன்றவரை நெருங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஓராண்டுக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட இதழ்களை வெறுமனே தள்ள நேரும்.

இதற்கு நம் வீடுகளில் ஓர் அருமையான வழி இருக்கிறது. இறந்த ஆண்டை மறந்துபோன குடும்பங்கள்கூடத் திவசத் திதியை, அதாவது இறந்த நாளுக்குரிய சந்திர நாளை, மறப்பதில்லை. 'ஆவணி பூர்வபக்க (வளர்பிறை) ஏகாதசி' என்று பெரியம்மாவோ சித்தப்பாவோ உடனே சொல்லிவிடுவார்; சொல்ல ஆள் இல்லையென்றால், அந்தக் குடும்பத்துக்குத் திவசம் செய்துவைத்த ஐயரின் குறிப்பேட்டில் இருக்கக்கூடும். இறப்பு எழுபதுகளின் நடுப்பகுதியில் என்று மட்டும் தெரிந்திருந்தாலும் போதும்: 1972 முதல் 1977 வரையான பஞ்சாங்கங்களில் அந்த மாதத்து அந்தத் திதி எந்தெந்தத் தேதியில் வந்தது என்று பார்த்தால், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாட்கள் ஏறக்குறைய ஆறாகச் சுருங்கிவிடுகின்றன. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பெரிதும் பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கைக்கொண்டவை என்பதால், கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் போன்ற உள்ளூர்ப் பஞ்சாங்கத்தையே பார்ப்பது நல்லது. திருத்திய கணிதத்தைக் கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் திதி சில நாழிகை முன்பின்னாக அமைவதால் ஒரு நாள் வேறுபாடு வந்துவிடலாம். அதோடு, பஞ்சாங்கத்தின் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. விடிவதற்கு முன் மூன்று மணிக்கு நேர்ந்த இறப்பை வீட்டார் முதல் நாளின் கிழமையோடு சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். பத்திரிகையோ நள்ளிரவுக்குப் பின் வரும் தேதியை அச்சிட்டிருக்கும். ஆகவே, குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்னும் மூன்று நாள் பின்னும் வரும் இதழ்களைச் சேர்த்தே பாருங்கள்.

தமிழ் ஆண்டின் பெயர் கிடைத்தால் அதுவும் துணை செய்யும். அறுபதாண்டு வட்டத்தின் முதலாண்டான பிரபவ 1927இலும் 1987இலும் சித்திரையில் தொடங்கியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை எண்ணிக் கண்டுகொள்ளலாம். ஆனந்த வருடம் என்று இருந்தால் அது 1914 ஏப்ரலிலிருந்து 1915 ஏப்ரல் வரையான ஆண்டாக இருக்க வேண்டும், அல்லது 1974 ஏப்ரலிலிருந்து 1975 ஏப்ரல் வரையானதாக இருக்க வேண்டும். இரண்டில் எது என்பது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளின் வயதைக் கொண்டே தெளிவாகிவிடும்.

இறந்த நாளுக்குரிய இதழே கிடைக்காமல் போவது அடிக்கடி நேர்வது. அதனால் சோர்ந்துவிட வேண்டியதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்குமான அழைப்பும் நன்றி நவிலலும் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வரும். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி படத்தோடு வரும். ஆண்டு நினைவைத் திதிப்படி வெளியிட்ட குடும்பங்களும் உண்டு என்பதால், ஆங்கிலத் தேதிக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னும், சில ஆண்டுகளில் பதினெட்டுப் பத்தொன்பது நாள் பின்னும் தேட வேண்டும்.

எந்தப் பத்திரிகையில் தேடுவது

குடும்பம் எங்கே வாழ்ந்தது, எந்தச் சமயத்தைச் சார்ந்தது, எந்த மொழியில் பத்திரிகை படித்தது என்ற மூன்றையும் பொறுத்தே இதற்கு விடை அமையும். 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாடும் 1985இல் தொடங்கிய உதயனும் ஊரோடு இருந்த குடும்பங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியவை. கொழும்பில் 1930இல் தொடங்கிய வீரகேசரியிலும் 1932இல் தொடங்கிய தினகரனிலும் கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள், மலையகத்தில் கடை வைத்திருந்தவர்கள் ஆகியோரின் அறிவித்தல்களைத் தேட வேண்டும். ஆங்கிலம் படித்து அரச சேவையில் இருந்த குடும்பங்கள் சிலோன் டெய்லி நியூஸ், டைம்ஸ் ஒவ் சிலோன் போன்ற ஆங்கில ஏடுகளிலும் அறிவித்தல் கொடுத்தன.

இவற்றுக்கு முற்பட்ட காலத்துக்குச் செல்லும்போது ஏடுகளின் இயல்பே மாறிவிடுகிறது. அமெரிக்க மிஷன் 1841இல் தொடங்கிய உதயதாரகை, யாழ்ப்பாணம் கத்தோலிக்க பாதுகாவலன், சைவ பரிபாலன சபை 1889இல் தொடங்கிய இந்து சாதனமும் அதன் ஆங்கிலத் துணையான இந்து ஓகனும், சுன்னாகத்திலிருந்து 1930 முதல் வந்த ஈழகேசரி ஆகியவற்றில், உறவுப் பட்டியலோடு கூடிய அறிவித்தலைக் காட்டிலும், ஊர்ச் செய்திகளுக்கிடையே நாலைந்து வரியில் அமைந்த இறப்புச் செய்தியையே எதிர்பார்க்க வேண்டும். அது உத்தியோகம், ஊர், சமயத் தொண்டு ஆகியவற்றைச் சொல்லும். மனைவியின் பெயரைச் சொல்லாமலே விட்டுவிடும். மிஷன் ஏடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்களுக்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான விசுவநாதபிள்ளை 'கறோல்' என்ற பெயராலும் அறியப்பட்டவர். உங்கள் முன்னோர் ஒருவர் அவ்வாறு படித்தவராயின், அவரை இரு பெயர்களிலும் தேட வேண்டும்.

இவ்விதழ்களில் பலவற்றை, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கு ஆண்டு, மாத வாரியாக இதழ்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் தொடர் முழுமையானதன்று. இல்லாத இதழ்களுக்குக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வாசகராகப் பதிவு செய்துகொண்டு பார்க்கலாம். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவும் அதை அடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டன. ஊரில் இருந்திருக்க வேண்டிய தொகுப்புகள் ஊரில் இல்லாமற்போனதற்கு அந்த இரவு ஒரு பெருங்காரணம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் காகிதம் தட்டுப்பட்டுப் பக்கங்கள் சுருங்கின. 1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்த வாரங்களில் இறந்தவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கவும் ஆள் இல்லை, கொடுக்க இடமும் இல்லை. அக்காலத்து இறப்பொன்றுக்கு அறிவித்தல் கிடைக்கவில்லை என்றால், அறிவித்தல் தரப்படவில்லை என்றோ அக்கறை இல்லாமற் போயிற்று என்றோ முடிவு செய்துவிடக் கூடாது.

மலாயாவுக்குப் போன குடும்பங்களுக்கு வேறொரு வாயில் திறந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலர் மலாயாப் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் லிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினர். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் எண்ணிமப் பத்திரிகைத் தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஏட்டை 1845 முதல் பெயர் கொடுத்துத் தேட முடிகிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அங்குண்டு. ஆங்கிலத்தில் தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். செல்லையாவின் பெயர் 'சி'யிலும் தொடங்கலாம், 'எஸ்'ஸிலும் தொடங்கலாம். வைத்திலிங்கத்தின் இரண்டாம் எழுத்து 'ஏ'யாகவும் இருக்கலாம், 'வை'யாகவும் இருக்கலாம். ஊர்ப் பெயரையோ உத்தியோகத்தையோ கொண்டு தேடுவது பல வேளைகளில் பெயரைக் கொண்டு தேடுவதைவிட விரைவாகப் பலன் தருகிறது.

ஓர் அறிவித்தலைப் படித்தல்

பின்வருவது அக்கால நடையில் நான் எழுதிய மாதிரி. இதிலுள்ள பெயர்கள் எவரையும் குறிப்பன அல்ல.

"காரைநகர் களபூமியைப் பிறப்பிடமாகவும் கோண்டாவில் கிழக்கை வதிவிடமாகவும் கொண்ட திருமதி நாகம்மா செல்லத்துரை நேற்று (14.6.1974) வெள்ளிக்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான வேலுப்பிள்ளை, பொன்னம்மா தம்பதிகளின் கனிஷ்ட புத்திரியும், காலஞ்சென்ற கந்தப்பு, சின்னாச்சி தம்பதிகளின் மருமகளும், காலஞ்சென்ற செல்லத்துரை (மலாயன் பென்சனியர்) அவர்களின் அன்பு மனைவியும், இராசரத்தினம் (ஆசிரியர்), பரமேஸ்வரி, மகேந்திரன் (லண்டன்) ஆகியோரின் அன்புத் தாயாரும், கமலாம்பிகை, தியாகராசா (கொழும்புத் துறைமுகம்) ஆகியோரின் மாமியாரும், தங்கம்மா, காலஞ்சென்ற சிவக்கொழுந்து ஆகியோரின் சகோதரியும் ஆவர். பூதவுடல் இன்று பி.ப. 3 மணிக்குத் தகனக்கிரியைக்காக இந்து மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: இராசரத்தினம் (மகன்)."

நாகம்மாவின் தந்தை வேலுப்பிள்ளை என்பது இங்கேதான் வெளிப்படுகிறது. பெயரில் செல்லத்துரை என்று இருப்பதைத் தந்தை பெயரென்று கொண்டால் தேடல் முழுவதும் வேறொரு குடும்பத்துக்குள் போய்விடும். அடுத்து, 'காலஞ்சென்ற' என்ற அடைமொழி எங்கெங்கே வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வேலுப்பிள்ளை, பொன்னம்மா, கந்தப்பு, செல்லத்துரை, சிவக்கொழுந்து ஆகிய ஐவரும் 1974 யூன் 14க்கு முன் இறந்துவிட்டனர் என்று இந்தச் சிறு செய்தி நாளோடு உறுதிப்படுத்துகிறது. சின்னாச்சியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பெற்றோருக்குக் 'காலஞ்சென்றவர்களான' என்று பன்மை வந்திருக்க, மாமன் மாமிக்கு ஒருமை வந்திருக்கிறது. அது கந்தப்புவை மட்டும் குறிக்கலாம், அச்சுக்கோப்பவரின் கவனக்குறைவாகவும் இருக்கலாம். மருமகளே முதுமையில் இறந்திருந்தால் மாமியார் உயிரோடிருக்கும் வாய்ப்புக் குறைவு என்றாலும், வேறொரு சான்று கிடைக்கும்வரை அவர் பெயருக்கு எதிரே கேள்விக்குறியையே இட வேண்டும்.

இனி மருமக்களின் வரிசையைப் பாருங்கள். பிள்ளைகளைப் பிறப்பு வரிசையில் எழுதி, அவர்களின் துணைவரையும் அதே வரிசையில் எழுதுவது பெருவழக்கு. அதன்படி கமலாம்பிகை இராசரத்தினத்தின் மனைவி, தியாகராசா பரமேஸ்வரியின் கணவர், லண்டனிலுள்ள மகேந்திரன் 1974இல் மணமாகாதவர் என்று ஒரு வரைவை இட்டுக்கொள்ளலாம். இது ஊகமே. தியாகராசாவின் தாயோ தந்தையோ இறந்தபோது வந்த அறிவித்தலைத் தேடிப் பிடித்தால், அதில் பரமேஸ்வரி மருமகளாக இடம்பெற்றிருக்க வேண்டும். அப்போதே அந்த இணைப்பு உறுதியாகும். சிவக்கொழுந்து ஆணா பெண்ணா என்பதை இந்த அறிவித்தல் சொல்லவில்லை. அப்பெயர் இருபாலாருக்கும் வைக்கப்படுவது. 'மலாயன் பென்சனியர்' (மலாயாவில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்) என்ற இரு சொற்கள் செல்லத்துரையைச் சிங்கப்பூர்த் தொகுப்பில் தேடும்படி உங்களை அனுப்புகின்றன. தகவல் கொடுத்தவர் மூத்த மகன் என்பதால் பெற்றோர் பெயர்களை ஓரளவு நம்பலாம். அயலவரோ நிறுவனமோ கொடுத்திருந்தால் அந்த நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 'நேற்று' என்ற சொல் செய்தி அச்சேற வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டது. மறுநாள் அச்சேற வேண்டியது ஒரு நாள் பிந்தியிருந்தால் 'நேற்று' பிழையாகிவிடும். அறிவித்தலிலுள்ள தேதியும் கிழமையும் இதழின் தேதியோடு பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியில் பார்த்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

உறவுமுறைச் சொற்களில் மூன்று இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். மருமகன் மகளின் கணவனாகவும் இருக்கலாம், ஆணொருவர் இறந்தபோது சகோதரியின் மகனாகவும் இருக்கலாம். மைத்துனர் என்பவர் துணைவரின் உடன்பிறந்தவராகவோ உடன்பிறந்தாளின் கணவராகவோ மாமன் மகனாகவோ இருக்கலாம். சொந்த மச்சானையே மச்சாள் மணந்துகொள்வது இயல்பாயிருந்த ஊர்களில் ஒருவரே இரண்டு நிலைகளிலும் பொருந்துவார். சகோதரர் என்ற சொல்லுக்குள் ஒன்றுவிட்ட சகோதரரும் பெறாமக்களுக்குள் (உடன்பிறந்தாரின் பிள்ளைகள்) வளர்ப்புப் பிள்ளையும் வந்துவிடுவதுண்டு. 'சம்பந்தி' என்று தனியே ஒரு பட்டியல் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் எந்தக் குடும்பங்களில் மணம் செய்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

விடுபட்டவர்களைப் பற்றி

அறிவித்தல் குடும்பத்தார் எழுதியது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். வீட்டார் ஏற்காத மணம் செய்துகொண்ட மகள், முதல் தாரமும் அவருடைய பிள்ளைகளும், கோபித்துக்கொண்டு போன சகோதரன் ஆகியோர் இல்லாமற்போவது உண்டு. போர்க்காலத்தில் இறந்த பிள்ளையின் பெயர் அச்சத்தின் காரணமாக விடுபட்டிருக்கலாம். எனவே, ஓர் அறிவித்தலில் ஐந்து பிள்ளைகள் என்றால், குறைந்தது ஐந்து என்றே எழுதிக்கொள்ளுங்கள். தந்தைக்கும் தாய்க்கும் வந்த இரு அறிவித்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் உள்ள பெயர் மற்றதில் இல்லாதது கண்ணில் படும். அந்த வேறுபாட்டைப் பற்றி வீட்டு மூத்தவர்களிடம் கேட்கும்போது பொறுமையும் மரியாதையும் வேண்டும்; சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அறிவித்தல் போடப் பணம் தேவைப்பட்டது. கூலி வேலை செய்தவர்கள், கடற்றொழிலாளர், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் குடும்பங்கள் முந்திய தசாப்தங்களின் பத்திரிகைகளில் மிக அரிதாகவே தென்படுகின்றன. இலங்கை வானொலியில் மாத்திரம் அறிவித்தல் கொடுத்துவிட்டுப் பத்திரிகைக்குக் கொடுக்காதவர்களும் இருந்தனர். உங்கள் குடும்பம் இவற்றுள் ஒன்றாயின், பத்திரிகையில் நாட்களைச் செலவிடாமல் நேரே பதிவேடுகளுக்குப் போவதே சரியான வழி.

மற்றச் சான்றுகளோடு பொருத்துதல்

அறிவித்தலில் நாளும் இடமும் கிடைத்தபின், அந்தப் பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் மரணச் சான்றிதழின் பிரதியைக் கோரலாம். இறப்பு நேர்ந்த இடம் எதுவோ அந்த இடத்துக்குரிய பிரிவிலேயே பதிவு இருக்கும். கோண்டாவிலில் வாழ்ந்தவர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் ஊரிலுள்ள பதிவில் தேடிப் பயனில்லை. சான்றிதழில் வயது, தொழில், இறப்பின் காரணம் ஆகியன இருக்கும். அறிவித்தலில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. கிறிஸ்தவர்களாயின் எந்த ஆலயத்தில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது, எந்தச் சேமக்காலையில் நல்லடக்கம் நடந்தது என்ற வரி, திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் எந்தப் பங்கில் உள்ளன என்று காட்டிவிடும்.

சைவக் குடும்பங்களில் இதற்கு ஈடானது கல்வெட்டு எனப்படும் நினைவு மலர். முப்பத்தோராம் நாளன்று அச்சிட்டு வழங்கப்படும் இச்சிறு நூலில் இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவற்றைப் பாட்டில் அமைத்துச் சொல்லும் திதி வெண்பாவும், முன்னோரைத் தொடக்கத்திலிருந்து கூறும் வரலாறும், சில வேளைகளில் வம்சாவழிப் படமும் இருக்கும். அலுமாரிகளின் அடியிலும் சாமியறைத் தட்டுகளிலும் இவை இன்றும் கிடக்கின்றன. நூலகம் தளத்திலும் ஏராளமாக ஏற்றப்பட்டுள்ளன. மாதிரி அறிவித்தலில் வரும் நாகம்மாவுக்குக் கல்வெட்டு இருந்தால், அதன் திதி வெண்பா ஆனந்த வருடம் என்றும் அபரபக்கம் (தேய்பிறை) என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டில் ஒன்று பிழை, அல்லது அது வேறொரு நாகம்மாவுடையது. காணி உறுதிகளும் கைகொடுக்கும். சீதன உறுதியில் பெற்றோர், மகள், மருமகன் ஆகியோரின் பெயர்களும் காணியின் பெயரும் வருவதால், அறிவித்தலில் காணும் 'களபூமி' போன்ற குறிச்சிப் பெயரை எந்த வளவு என்று அடையாளங்காணலாம்.

பார்த்த ஒவ்வோர் அறிவித்தலையும் படமாக எடுத்து, பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம் ஆகியவற்றை அதன் கீழேயே எழுதிவையுங்கள். பெயர்களை அச்சில் உள்ளபடியே, பிழை என்று தோன்றினாலும் திருத்தாமல் படியெடுத்து, உங்கள் கருத்தைத் தனியாக எழுதுங்கள். ஓர் ஆண்டின் எந்தெந்த இதழ்களைப் பார்த்தீர்கள், எவை கிடைக்கவில்லை என்ற பட்டியலும் தேவை. உங்களுக்குப் பின் இதே வேலையைக் கையில் எடுப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார். வம்சாவழியைப் பிறரோடு பகிரும்போது, 1974இல் 'லண்டன்' என்றும் 'ஆசிரியர்' என்றும் அச்சானவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதால், உயிரோடிருப்பவர்களின் விலாசம், பிறந்த தேதி ஆகியவற்றை நீக்கிவிட்டு, அவர்களிடம் கேட்ட பின்னரே பெயரை வெளியிடுங்கள்.